தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு பி.ஏ. ஆங்கில இலக்கியம் சேர்ந்தேன், சாசர் ஒரு வரிகூடப் புரியவில்லை. தொடரலாமா, காமர்ஸுக்கு மாறிவிடலாமா?

மலையடிவாரம்:

எல்லாருக்கும் வணக்கம். இந்த வருடம்தான் எங்கள் மாவட்டத்து அரசுக் கலைக் கல்லூரியில் பி.ஏ. ஆங்கில இலக்கியம் சேர்ந்தேன். ஒன்றாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி, தமிழ் மீடியம். பன்னிரண்டாம் வகுப்பில் ஆங்கிலத்தில் 100க்கு 81 வாங்கினேன், அந்த மார்க்கை நம்பித்தான் கவுன்சிலிங்கில் இந்தத் துறையைக் கேட்டு வாங்கினேன். எங்கள் தெருவில் இங்கிலீஷ் லிட்ரேச்சர் படிக்கிற முதல் பெண் என்று அம்மா பக்கத்து வீட்டிலெல்லாம் சொல்லிவைத்திருக்கிறார்.

முதல் சில வாரங்கள் பிரிட்ஜ் கோர்ஸ் நடந்தது. டென்ஸ், வாய்ஸ், ரிப்போர்ட்டட் ஸ்பீச், எல்லாம் பள்ளியில் பார்த்ததுதான், சிரமமே இல்லை. அப்புறம் கவிதைத் தாள் ஆரம்பித்தார்கள், முதல் பாடமே பதினான்காம் நூற்றாண்டுக் கவிஞர் சாசர் எழுதிய கேன்டர்பரி கதைகளின் முன்னுரை. மேடம் என்னை எழுப்பி வாசிக்கச் சொன்னார். எழுத்துக்கள் எல்லாம் தெரிந்த எழுத்துக்கள்தான், ஆனால் ஒரு சொல்கூடத் தெரிந்த சொல்லாக இல்லை. 'ஷூரஸ்' என்று வருகிற இடத்தை 'ஷவர்' என்று படித்தேன், அடுத்த சொல்லை எப்படி உச்சரிப்பது என்று தெரியாமல் நின்றுவிட்டேன், பின்னால் யாரோ சிரித்தார்கள். அன்றைக்கு பஸ்ஸில் வீடு வரும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோழியிடம்கூடப் பேசவில்லை.

சீனியர் அக்கா ஒருவரிடம் நோட்ஸ் வாங்கி ஜெராக்ஸ் எடுத்தேன், 46 பக்கம். அதை அப்படியே மனப்பாடம் செய்து இன்டர்னல் எழுதினேன், 25க்கு 11. எழுதியதில் பாதிக்கு எனக்கே அர்த்தம் தெரியாது. இதே பருவத்தில் பார்ட் ஒன் தமிழ் வகுப்பில் குறுந்தொகை நடத்தினார்கள், அந்த ஒரு மணி நேரம் எப்படிப் போனது என்றே தெரியவில்லை. அதனால் இன்னும் குழப்பம்.

அப்பா கல்லூரி ஆபீஸில் விசாரித்துவிட்டு வந்திருக்கிறார், பி.காமில் இடம் இருக்கிறதாம், இந்த மாதக் கடைசிக்குள் எழுதிக் கொடுத்தால் மாற்றித் தருவார்களாம். எனக்குக் கணக்கு வராது என்றில்லை, ஆனால் மனம் இங்கேதான் இருக்கிறது. தமிழ் மீடியத்திலிருந்து வந்து இந்தப் படிப்பை உண்மையிலேயே புரிந்து முடித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? நோட்ஸ் இல்லாமல் சொந்தமாக எழுதினால் மார்க் போடுவார்களா? படித்து முடித்தால் டீச்சர் வேலை தவிர வேறு என்ன இருக்கிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், ரொம்ப உதவியாக இருக்கும்.


கரும்பலகை:

தங்கச்சி, நானும் தமிழ் மீடியம்தான், கிராமத்துப் பள்ளி. இப்போது ஒரு அரசுக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராக ஆங்கிலம் நடத்துகிறேன், கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வான நெட் தேறியிருக்கிறேன். முதல் கேள்விக்குப் பதில் நானே.

சாசர் புரியவில்லை என்பது உன் ஆங்கிலத்தில் உள்ள குறை இல்லை. அது நாம் பேசும் ஆங்கிலமே கிடையாது. அவர் 1400இல் இறந்தவர். அவருக்குப் பிறகு இரண்டு மூன்று நூற்றாண்டுகளில் ஆங்கிலத்தின் நெடில் உயிரொலிகள் மொத்தமாக இடம் மாறிவிட்டன, 1476இல் காக்ஸ்டன் லண்டனுக்குப் பக்கத்தில் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சுக்கூடம் வைத்த பிறகு எழுத்துக்கூட்டு மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக உறைந்துபோனது. இன்றைக்கு ஆங்கிலத்தில் எழுதுவது ஒன்று, படிப்பது ஒன்று என்று நம் பிள்ளைகள் தவிப்பதற்குப் பெரிய காரணம் இதுதான். சாசர் காலத்தில் எழுதியதை ஏறக்குறைய எழுதியபடியே படித்தார்கள். நீ 'ஷவர்' என்று படித்தாயே, அது இன்றைய உச்சரிப்பு. அவர் 'ஷூரஸ் சோட்ட' என்று சொல்லியிருப்பார், இனிய மழைத்தூறல் என்று பொருள். சிரித்த பிள்ளைகளை அடுத்த வரியைப் படிக்கச் சொல்லியிருந்தால் அவர்களும் அங்கேயே நின்றிருப்பார்கள். கான்வென்ட்டில் படித்தவர்களுக்கும் இந்த ஆங்கிலம் புதிதுதான். இந்த ஒரு பாடத்தில் வகுப்பு முழுக்க ஒரே கோட்டில் நிற்கிறது, அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். முன்னுரையின் முதல் 18 வரிகளும் சேர்ந்து ஒரே வாக்கியம். ஏப்ரலின் மழை மார்ச்சின் வறட்சியை வேர்வரை துளைக்கும்போது, மேல்காற்று தோப்பிலும் வயலிலும் இளந்தளிருக்கு மூச்சு ஊதும்போது, சின்னப் பறவைகள் கண் திறந்தபடியே இரவெல்லாம் தூங்கிப் பாடும்போது என்று அடுக்கிக்கொண்டே போய், 12ஆவது வரியில்தான் முக்கியமான வினை வருகிறது: அப்போது மக்களுக்கு யாத்திரை போக ஆசை வருகிறது. ஆங்கில மீடியம் பிள்ளைகள் இங்கேதான் தடுமாறுவார்கள், ஏனென்றால் அவர்கள் பழகிய ஆங்கிலத்தில் எழுவாயும் வினையும் தொடக்கத்திலேயே வந்துவிடும். உனக்கு இது பழக்கமான கட்டு. குறுந்தொகையில் பாதிப் பாட்டு இப்படித்தானே வருகிறது? எச்சமாக அடுக்கி அடுக்கிக் கடைசியில் ஒரு வினைமுற்றில் கொண்டுபோய் நிறுத்துவார்கள். தமிழ் வகுப்பில் ரசித்தாய் என்றாயே, அந்தக் கண்ணோடு இதைப் பார். 'எப்போது, எப்போது, எப்போது, அப்போது' என்று பென்சிலால் குறித்துக்கொள். அப்புறம் சொல்லுக்குப் பொருள் தேடினால் போதும். முதலில் வாக்கியத்தின் எலும்பைக் கண்டுபிடிக்க வேண்டும், அதற்கு உனக்குத் தமிழ் போதும்.

ஏப்ரல் என்றதும் நமக்குச் சித்திரை வெயில் ஞாபகம் வரும், அதையும் மாற்றிக்கொள். அங்கே அது குளிர் முடிந்து பாதையெல்லாம் நடக்கத் தோதாக ஆகும் மாதம். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறவர்களைப் பார்த்திருப்பாயே, ராத்திரி ஒரு மண்டபத்தில் தங்கினால் கடைக்காரர், ஆசிரியர், விவசாயி, போலீஸ்காரர் எல்லாரும் ஒரே பாயில் உட்கார்ந்து கதை பேசுவார்கள். தேம்ஸ் ஆற்றுக்குத் தெற்கே சதர்க்கில் டபார்ட் என்ற விடுதியில் 29 பேர் அப்படித்தான் வந்து சேர்கிறார்கள், கேன்டர்பரியில் இருக்கும் புனிதர் தாமஸ் பெக்கெட்டின் சமாதிக்குப் போக. இது தெரிந்தால் பாத்திரங்கள் உனக்கு அந்நியமாக இருக்காது.

இன்னொன்று, இதைச் சொல்லாமல் விட முடியவில்லை. 1066இல் பிரான்ஸிலிருந்து வந்த நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு சுமார் 300 ஆண்டுகள் அரண்மனையிலும் கோர்ட்டிலும் பிரெஞ்சுதான் மரியாதைக்குரிய மொழி. ஆங்கிலம் வயலிலும் சந்தையிலும் பேசுகிற மொழி. 1362இல்தான் நீதிமன்றத்தில் ஆங்கிலத்தில் வாதாட வேண்டும் என்று சட்டமே வந்தது. அப்படிப்பட்ட காலத்தில், பிரெஞ்சு நன்றாகத் தெரிந்த சாசர், மது வியாபாரியின் மகன், துறைமுகத்தில் சுங்க அதிகாரியாக இருந்தவர், தன் ஊர்க்காரர்கள் பேசும் மொழியில் எழுதினார். ஆங்கிலம் பேச வெட்கப்படுகிற நம் பிள்ளைகளுக்கு இதை நான் ஒவ்வொரு வருடமும் சொல்வேன். ஆங்கிலமே வெட்கப்பட்டு நின்ற காலம் ஒன்று உண்டு. முன்னுரையில் கன்னிமடத் தலைவி ஒருத்தி வருவாள், உன் பாடத்தில் இருக்கிறதா பார். அவள் பேசும் பிரெஞ்சைப் பற்றி சாசர் ஒரு வரி சொல்கிறார். அது என்ன என்று நான் சொல்லப்போவதில்லை, நீயே படித்துவிட்டு வந்து சொல்.

படிக்க வழி: ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் சாசர் தளத்தில் ஒவ்வொரு வரிக்கும் கீழே இன்றைய ஆங்கிலம் இருக்கிறது, போனிலேயே பார்க்கலாம், காசு கிடையாது. ஒரு நாளைக்குப் பத்து வரி. முதலில் மூலம், வாய்விட்டு. அடுத்து கீழே உள்ள வரி. பிறகு உன் வார்த்தையில் தமிழில் இரண்டு வரி எழுது, அந்தத் தமிழை ஆங்கிலமாக்கு. அந்த ஆங்கிலம் தப்பும் தவறுமாக இருக்கட்டும், அது உன் ஆங்கிலம். பத்து வரி, அரை மணி நேரம், அவ்வளவுதான்.

மார்க் பற்றிக் கேட்டாய். விடைத்தாள் திருத்தும் முகாமில் உட்கார்ந்து பார்த்தால் தெரியும், ஒரு கட்டுக்குள் இருக்கும் தாள்களில் பெரும்பாலானவை ஒரே நோட்ஸ், ஒரே தப்பு, நோட்ஸில் இருந்த அச்சுப்பிழைகூட அப்படியே வரும். அதில் ஒரு பிள்ளை சின்னச் சின்ன வாக்கியமாக, பாட்டிலிருந்து ஒரு சொல்லை எடுத்துக்காட்டி, தான் நினைத்ததை எழுதியிருந்தால் என் பேனா அங்கே நின்றுவிடும். எல்லாத் திருத்துபவர்களும் என்னைப் போல் இருப்பார்கள் என்று உத்தரவாதம் தர முடியாது. ஆனால் புரியாமல் மனப்பாடம் செய்து 11 வாங்கினாய், புரிந்து எழுதினால் அதைவிடக் குறையாது.


இரண்டாமாண்டு:

நானும் பி.ஏ. இங்கிலீஷ்தான், செகண்ட் இயர். மேலே அக்கா சொன்னது எல்லாம் சரி, ஆனால் ஒரு விஷயத்தை யாரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை, நான் சொல்லிவிடுகிறேன். இந்தப் படிப்பு உனக்கு ஆங்கிலம் பேசக் கற்றுத் தராது. எங்கள் வகுப்பில் மூன்று வருடம் முடித்துப் போன சீனியர்கள் பலர் மில்டனைப் பற்றி எட்டுப் பக்கம் எழுதுவார்கள், ஒரு இன்டர்வியூவில் தன்னைப் பற்றி நாலு வாக்கியம் சொல்ல முடியாது. தேர்வு முழுக்க எழுத்துத் தேர்வு, வகுப்பில் 60 பேருக்கு மேல், பாடம் தமிழில்தான் விளக்குகிறார்கள், அப்படியிருந்தால் வாய் எப்படித் திறக்கும்? ஆசிரியர்கள் தமிழில் விளக்குவதைக் குறை சொல்லவில்லை, தமிழில் சொல்லவில்லை என்றால் எனக்கு ஒன்றுமே புரிந்திருக்காது. ஆனால் பேச்சுக்குத் தனியாக உழைக்க வேண்டும் என்பதைத் தெரிந்துகொண்டு சேருங்கள், அதை எதிர்பார்த்து வந்து ஏமாந்தவர்கள்தான் பாதியில் நிற்கிறார்கள்.

நாங்கள் நாலு பேர் மதியம் சாப்பிடும்போது இருபது நிமிடம் ஆங்கிலம் மட்டும் என்று வைத்திருக்கிறோம். முதல் மாதம் சோறு, குழம்பு, பஸ் இது மூன்றைப் பற்றித்தான் பேசினோம், வேறு எதற்கும் வார்த்தை இல்லை. அப்புறம் வந்துவிட்டது. போனெடிக்ஸ், அதாவது ஒலியியல் தாள் வரும்போது விட்டுவிடாதீர்கள், நம் ஆட்களுக்கு அதுதான் பெரிய உதவி. தமிழில் சொல்லின் தொடக்கத்தில் இரண்டு மெய் சேர்ந்து வராது, அதனால்தான் நம் வீட்டுப் பெரியவர்கள் 'இஸ்கூல்' என்கிறார்கள். 'பம்பரம்' என்பதில் முதல் ப ஒரு ஒலி, ம்-க்கு அடுத்த ப வேறு ஒலி, ஆனால் எழுத்து ஒன்றுதான், இடத்தைப் பொறுத்துத் தானாக மாறிவிடுகிறது. ஆங்கிலத்தில் அந்த இரண்டும் தனித்தனி எழுத்து, மாற்றிச் சொன்னால் பொருளே மாறிவிடும். இது தெரிந்த அன்றைக்கு என் உச்சரிப்பில் எங்கே சிக்கல் என்று எனக்கே புரிந்தது, அதுவரைக்கும் நாக்கு சரியில்லை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.


மலையடிவாரம்:

அக்கா, நீங்கள் எழுதியதை மூன்று தடவை படித்தேன். அந்த 18 வரியை இன்று சாயங்காலம் எடுத்துப் பார்த்தேன், நிஜமாகவே 12ஆவது வரியில்தான் வினை இருக்கிறது, பென்சிலில் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். வகுப்பில் யாரும் இதைச் சொல்லவில்லை, நோட்ஸிலும் இல்லை.

இரண்டாமாண்டு அண்ணாவா அக்காவா தெரியவில்லை, நன்றி. பேச்சு வரவில்லை என்றால் வேலைக்கு என்ன செய்வது என்பதுதான் அப்பாவின் கவலையும். அவர் கட்டட வேலைக்குப் போகிறவர், மூன்று வருடம் படித்து மறுபடி இரண்டு வருடம் எம்.ஏ., அப்புறம் பி.எட். என்றால் எப்போது சம்பாதிப்பாய் என்று கேட்கிறார். அவர் கேட்பதில் தப்பு இல்லை. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வருகிறது, பஸ்ஸுக்கும் புத்தகத்துக்கும் அது போதும், ஆனால் அதை வைத்து எவ்வளவு நாள் என்று தெரியவில்லை.


திருத்துநர்:

உன் அப்பாவின் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன் தங்கை, ஏனென்றால் என் அப்பாவும் இதையே கேட்டார்.

சென்னையிலும் புதுச்சேரியிலும் வெளிநாட்டு ஆய்விதழ்களுக்கும் பாடநூல்களுக்கும் பிரதி திருத்தி, பக்கம் கோத்துக் கொடுக்கும் கம்பெனிகள் நிறைய உண்டு. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் வெளியாகிற மருத்துவக் கட்டுரை, சட்ட நூல், வரலாற்று நூல் எல்லாம் அச்சுக்குப் போகும் முன்னால் இங்கே எங்கள் மேசைக்கு வந்துவிட்டுப் போகும். காப்பி எடிட்டர் என்பார்கள். நான் பி.ஏ. முடித்ததும் சேர்ந்தேன், எம்.ஏ. பிறகு தொலைதூரக் கல்வியில் படித்தேன். ஆரம்பச் சம்பளம் பெரிதாக இருக்காது, உண்மையைச் சொல்ல வேண்டும். ஆனால் பேச்சை வைத்து எடுக்கிற வேலை இல்லை. ஒரு பக்கத்தைக் கையில் கொடுப்பார்கள், அதில் இருக்கும் பிழைகளைக் கண்டுபிடிக்க வேண்டும், அதுதான் தேர்வு.

அந்தத் தேர்வில் நம் ஆட்கள் எதில் விழுவார்கள் என்றால், 'ஏ', 'தி' என்ற இரண்டு குட்டிச் சொற்களில். தமிழில் ஆர்ட்டிகிள் இல்லையே என்பார்கள். நான் புதிதாகச் சேருகிறவர்களுக்கு ஒரே ஒரு கதையைச் சொல்லித்தான் இதை விளக்குவேன். ஒரு ஊரில் ஒரு ராஜா இருந்தார். அந்த ராஜாவுக்கு ஒரு மகள் இருந்தாள். அந்த மகளுக்கு ஒரு கிளி இருந்தது. பாட்டி கதை சொல்லும்போது எந்த இடத்தில் 'ஒரு' வரும், எந்த இடத்தில் 'அந்த' வரும் என்று நமக்கு மூன்று வயதிலேயே தெரியும். முதல் தடவை வருவது 'ஒரு', கேட்பவருக்குத் தெரிந்தபின் 'அந்த'. ஆங்கிலத்து விதியில் பாதி இதுதான். மீதிப் பாதி பழக்கத்தில் வரும். ஒரு தடவை ஒரு மருத்துவக் கட்டுரையில் திடீரென்று 'அந்த நோயாளி' என்று வந்தது, அதற்கு முன்னால் நோயாளி யாரும் வரவே இல்லை. யார் இந்த நோயாளி என்று ஓரத்தில் கேள்வி போட்டு ஆசிரியருக்கு அனுப்பினேன். அவர் எழுதும்போது ஒரு பத்தியையே விட்டிருந்தார், அதைச் சேர்த்து அனுப்பி நன்றி எழுதினார். ஆங்கிலம் தாய்மொழியாகக் கொண்டவர் விட்டதை, ராஜா கதை கேட்டு வளர்ந்த ஒருத்தி பிடித்தாள். எனக்கு அன்றைக்கு வந்த தைரியம் இன்றுவரை இருக்கிறது.

இது தவிர மொழிபெயர்ப்பு, தொழில்நுட்ப ஆவணம் எழுதுவது, செய்தி நிறுவனங்களில் டெஸ்க் வேலை, வங்கி, டி.என்.பி.எஸ்.சி. மாதிரியான பொதுத் தேர்வுகள், எந்தப் பட்டதாரிக்கும் உள்ள வழி எல்லாம் உனக்கும் உண்டு. ஆனால் ஒன்று. இவை எல்லாவற்றுக்கும் கேட்கிற ஒரே தகுதி, ஒரு பக்கத்தைக் கொடுத்தால் அதை உட்கார்ந்து கடைசிவரை கவனமாகப் படிக்கிற பொறுமை. நோட்ஸ் மனப்பாடம் செய்கிறவர்களுக்கு அந்தப் பழக்கமே வராது. நல்ல அகராதி ஒன்று வைத்துக்கொள், ஆங்கிலத்துக்கு ஆங்கிலத்திலேயே பொருள் சொல்லும் லேர்னர்ஸ் டிக்‌ஷனரி, பழைய புத்தகக் கடையில் பாதி விலைக்குக் கிடைக்கும்.


கரும்பலகை:

ஆசிரியர் வேலை பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கு பி.ஏ., பி.எட்., ஆசிரியர் தகுதித் தேர்வான டெட்டில் தாள் 2, அதற்குமேல் நியமனத் தேர்வு. கல்லூரிக்கு எம்.ஏ.வில் 55 விழுக்காடு, இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 50, அப்புறம் நெட் அல்லது மாநில அளவில் நடக்கும் செட். நெட்டில் 150 கேள்வி, 300 மார்க், மூன்று மணி நேரம், தப்புக்கு மார்க் குறைக்க மாட்டார்கள். நிரந்தர வேலைக்குக் காத்திருப்பு நீளம், நானே தொகுப்பூதியத்தில்தான் இருக்கிறேன், அதை மறைத்து உன்னை இழுக்க விரும்பவில்லை. திருத்துநர் சொன்ன வழியை அப்பாவிடம் முதலில் சொல்.


பழைய வாத்தியார்:

அம்மா, நான் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியன், மேல்நிலைப் பள்ளியில் 30 வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவன். இங்கே எல்லாரும் நல்லபடியாகச் சொல்லியிருக்கிறார்கள். நான் ஒரே ஒரு காட்சியைச் சொல்கிறேன், உனக்கு மூன்றாம் வருடத்தில் பாடமாக வரலாம்.

சேக்ஸ்பியரின் ஹாம்லெட்டில் மூன்றாம் அங்கம், நான்காம் காட்சி. அப்பா இறந்து சீக்கிரமே அம்மா சிற்றப்பனை மணந்துகொண்டாள், மகன் அந்தக் கொதிப்பில் அம்மாவின் அறைக்கு வருகிறான். அம்மா சொல்கிறாள்: 'ஹாம்லெட், நீ உன் அப்பாவை ரொம்ப நோகடித்துவிட்டாய்.' அவள் 'அப்பா' என்பது புதுக் கணவனை. அவள் வாயில் வருவது 'தௌ' என்ற சொல், அதாவது நம் 'நீ'. மகன் அதே வரியைத் திருப்பிக் கொடுக்கிறான்: 'அம்மா, நீங்கள் என் அப்பாவை ரொம்ப நோகடித்துவிட்டீர்கள்.' அவன் சொல்வது செத்துப்போன அப்பாவை. அவன் சொல் 'யூ', அதாவது 'நீங்கள்'. வார்த்தையில் மரியாதை, உள்ளே கத்தி. உடனே அம்மாவும் 'நீ'யை விட்டுவிட்டு 'யூ'வுக்குப் போய்விடுகிறாள். கோபம் தலைக்கு ஏறினால் நம் வீட்டிலும் அம்மா பெற்ற பிள்ளையைப் பார்த்து 'சொல்லுங்க சார், என்ன வேணும்' என்பாளே, அந்தத் தூரம்தான் இது.

இன்றைய பொது ஆங்கிலத்தில் 'தௌ' போய்விட்டது, எல்லாருக்கும் 'யூ' ஒன்றுதான். அதனால் லண்டனில் இருக்கும் மாணவனுக்கு இந்த இடத்தை அடிக்குறிப்பு போட்டு விளக்க வேண்டும். உனக்கும் எனக்கும் அடிக்குறிப்பு வேண்டாம், காதிலேயே சுடும். நீ தமிழ் மீடியம் என்று தயங்குகிறாய், சேக்ஸ்பியரை வாசிக்கத் தேவையான ஒரு காது உன்னிடம் ஏற்கெனவே இருக்கிறது. யாப்பு வரும்போதும் இப்படித்தான், ஆங்கிலத்தின் மிகப் பழைய பாட்டுகள் ஒவ்வொரு அடியையும் முதலெழுத்து ஒன்றிவரச் செய்துதான் கட்டினார்கள், நம் மோனை. வரிக் கடைசி ஒத்து வருவது பிறகு வந்த வழக்கம், அது நம் இயைபு. பெயர்தான் புதிது.

இது அந்நியப் பாடம் என்று ஒரு பயம் இருந்தால் அதையும் விட்டுவிடு. சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் தொடங்கியது. ஆக்ஸ்ஃபோர்டில் ஆங்கில இலக்கியத்துக்கென்று தனிப் பட்டப் படிப்பு 1894இல்தான் வந்தது. அதற்கு வெகுநாள் முன்பே இங்கே நம் பிள்ளைகள் சேக்ஸ்பியரையும் மில்டனையும் படித்துத் தேர்வு எழுதிக்கொண்டிருந்தார்கள். வெள்ளைக்காரன் தன் தேவைக்காகத்தான் கொண்டுவந்தான், அதில் சந்தேகமில்லை, ஆனால் இத்தனை தலைமுறை படித்த பிறகு இது நம் வீட்டுப் பாடமும்தான்.

தமிழ் இலக்கியத்துக்கு மாற வேண்டும் என்று தோன்றினால் தாராளமாக மாறு, அதில் குறைவு ஒன்றும் இல்லை. பயந்துபோய் காமர்ஸுக்கு மட்டும் போகாதே, கணக்குப் பதிவியலும் அதை விரும்பிப் படிக்கிறவர்களுக்குத்தான் வசப்படும்.


மலையடிவாரம்:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும், இன்டர்னல் இரண்டு இருந்தது.

மாற்றல் கடிதம் கொடுக்கவில்லை. திருத்துநர் அக்கா எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன், ராஜா கதை வந்த இடத்தில் அவரே 'அந்த ராஜாவுக்கு' என்று முந்திக்கொண்டு சொன்னார். அப்புறம் ஒரு வருடம் பார்க்கலாம் என்றார்.

தினமும் பத்து வரி படிக்கிறேன், சில நாள் ஆறு வரிதான் முடிகிறது. கன்னிமடத் தலைவி வந்துவிட்டாள் அக்கா. எனக்கு அவள் சாப்பிடுகிற இடம் ரொம்பப் பிடித்தது. உதட்டிலிருந்து ஒரு துணுக்குக்கூடக் கீழே விழாது, குழம்பில் விரல் ஆழமாக நனையாது, குடித்த கிண்ணத்தில் எண்ணெய்ப் படலம் தெரியாதபடி மேலுதட்டை அவ்வளவு சுத்தமாகத் துடைப்பாள். கல்யாணப் பந்தியில் பட்டுச்சேலை கசங்காமல், இலையிலிருந்து ஒரு பருக்கை சிந்தாமல் சாப்பிட்டுவிட்டு யாராவது பார்த்தார்களா என்று நிமிர்ந்து பார்க்கும் எங்கள் அத்தை ஒருவர் இருக்கிறார், அப்படியே அவர்தான். இதை இன்டர்னலில் எழுதினேன், அத்தையை விட்டுவிட்டு மற்றதை. 25க்கு 17. ஓரத்தில் மேடம் ஒரு டிக் போட்டு 'ஓன் வேர்ட்ஸ், குட்' என்று எழுதியிருக்கிறார்.

பிரெஞ்சு வரியும் கண்டுபிடித்துவிட்டேன். அவள் அழகாகப் பிரெஞ்சு பேசுவாள், ஆனால் லண்டன் பக்கத்து ஸ்டிராட்ஃபோர்டில் கற்ற பிரெஞ்சு, பாரிஸ் பிரெஞ்சு அவளுக்குத் தெரியாது என்கிறார். இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். பஸ்ஸில் அழுகையை அடக்கிக்கொண்டு வந்த அன்றைக்கு எனக்கு என்ன நடந்ததோ அதைத்தானே இவர் அறுநூறு வருடத்துக்கு முன்னால் எழுதியிருக்கிறார். ஆனால் ஒரு சந்தேகம். சாசர் அவளைக் கேலி செய்கிறாரா, இல்லை பாவம் என்கிறாரா? நோட்ஸில் கேலி என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை, அவள் அழகாகப் பேசினாள் என்று முதலில் சொல்லிவிட்டுத்தானே அதைச் சொல்கிறார்.


கரும்பலகை:

தங்கச்சி, இந்தக் கேள்விக்கு நானும் என் கல்லூரி நண்பர்களும் வேறு வேறு பதில் வைத்திருக்கிறோம். எனக்கு அது மெல்லிய கேலி, ஆனால் பிரியம் கலந்த கேலி என்று படும். நீ 'அழகாக' என்ற சொல்லைப் பிடித்தாய் பார், அதை விடாதே. அதே சொல் அவளுடைய பகுதியில் வேறு எங்கெல்லாம் வருகிறது என்று தேடி, அந்த வரிகளை வரிசையாக எழுதிக்கொண்டு போய் உங்கள் மேடத்திடம் வகுப்பிலேயே எழுந்து நின்று கேள். அதை முடித்ததும் அடுத்து ஆக்ஸ்ஃபோர்டு மாணவன் வரும் பகுதியைப் படி, பாடத்தில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. குதிரை மெலிந்திருக்கும், சட்டை நைந்திருக்கும், தலைமாட்டில் மட்டும் கறுப்பும் சிவப்பும் அட்டை போட்ட இருபது புத்தகம் இருந்தால் போதும் என்பான்.